ஈச்சங்காட்டுப் படம்

முருகன் துணை

4-6-2023

அன்புப் பேரன் கார்முகிலுக்கு உன் ஆயா சுந்தராம்பாள் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். மலைக் குளிரில் உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதவும். டவர் கிடைக்காத இடத்தில் உனக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் ஒரு லாபம். ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து துருப்பிடிக்காமல் இருக்கிறது.

முதலில் நல்ல சேதிகள். உன் அண்ணன் ரகு இந்த மாதத்திலிருந்து அவன் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். தொப்பி நிறமே மாறிவிட்டது. டிப்ளமோ படித்த பையன்கள் இவனைக் கண்டதும் போனை மறைக்கிறார்களாம். உன் அக்கா ஐஸ்வர்யா ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நிரந்தரம் ஆகிவிட்டாள். அவளை வீட்டில் விட ராத்திரியில் கார் வருகிறதாம், கூடவே ஒரு காவல்காரரும். ரகுவின் மகள் பள்ளிக்கூட மேடையில் பயப்படாமல் பாட்டுச் சொல்லி கப் வாங்கினாள். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அப்புறம் நீ, வனத்துறையில். யார் கேட்டாலும் ரேஞ்சர் என்றுதான் சொல்கிறேன்.

எல்லோர் படத்தையும் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறேன். ரகு தொப்பியோடு, ஐஸ்வர்யா பட்டம் வாங்கின கறுப்பு அங்கியோடு, குட்டி கப்போடு. உன் இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. போகும்போது நீ கொடுத்த படத்தை எப்படிக் கண்ணு மாட்டுவது? ஈச்சங்காட்டில் சட்டையெல்லாம் ஒட்டுப்புல்லோடு நிற்கிறாய். பக்கத்தில் ஏரிக்கரைத் தெருவில் துடைப்பம் கட்டி விற்கிற செல்லம்மாள், தலையில் ஈச்ச ஓலைக் கட்டு. ஒரு கை கட்டைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கையை உன் தோளில் வேறு போட்டிருக்கிறாள். காலடியில் அவள் ஆடு. வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? யூனிபார்ம் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு.

நீ ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை நடையை, கம்பெனியில் வேலை பார்க்கிற அந்த ஜாஸ்மின் பெண் விடாமல் நடத்துகிறாள். இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற கம்பெனி லைன் பெண்கள் பஸ் ஏறி வருகிறார்கள். ஏரிக்கரையில் ஆரம்பித்து, ஈச்சம் புதருக்குள் ஒருவர் பின்னால் ஒருவராகப் போய், கரட்டு உச்சியில் ஏறி நின்று கம்பெனிக் கூரைகளைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். வாரமெல்லாம் நின்று வேலை செய்கிற கால்களுக்கு லீவு நாளில் முள்ளுக்குள் நடக்க என்ன ஆசையோ.

களாக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் பார்சலில் வருகிறது. உன் அண்ணிக்குத் தெரியாமல், பால் வாங்கப் போகும் சாக்கில் ஈச்சங்காட்டில் பறித்தது. தெரிந்தால் "நம்ம வூட்ல இல்லாத மாதிரி முள்ளுல பூந்து பொறுக்கினு வரீங்களே" என்று ஆரம்பித்துவிடுவாள். என் வெந்நீருக்குச் சுள்ளியும் அப்படித்தான் வருகிறது. கேஸில் காய்ச்சிய தண்ணீர் என் உடம்புக்கு ஆகாது.

வேளைக்குச் சாப்பிடு. படத்தை மறக்காதே.

உன் ஆயா

---

26-6-2023
மலை முகாம்

ஆயாவுக்குக் கார்முகிலின் வணக்கம். சளி இல்லை. முழங்காலுக்கு அண்ணன் வாங்கித் தந்த எண்ணெயை அலமாரியில் அழகுக்கு வைக்காமல் காலுக்குத் தடவவும்.

ஊறுகாய் பாட்டில் ஒரே வாரத்தில் காலி. பாட்டிலைக் கழுவிய தண்ணீரையும் ஒருவன் சோற்றில் ஊற்றிக்கொண்டான். இங்கே காலையில் போனால் இருட்டும் முன் முகாமுக்குத் திரும்பிவிடுவோம். படம் எடுக்க இப்போது தோதுப்படவில்லை.

ஒரு முக்கியமான விஷயம். ஈச்சங்காட்டை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று ஜாஸ்மின் எழுதியிருக்கிறாள். காடென்று அறிவிக்கச் சொல்லி நாங்கள் மூன்று வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிற இடம். சர்க்கார் கணக்கில் அது "தரிசு, முட்புதர்". உயரமான மரம் இல்லாததால் அதைப் பார்க்கிற யாருக்கும் காடு என்று தோன்றுவதில்லை. அந்த முள்ளுக்குள் கௌதாரி முட்டையிடுவதும், கோடையில் ஏரி வற்றிய பிறகும் ஈச்சம் வேரடியில் ஈரம் நிற்பதும் உள்ளே நடந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் நடக்க வருகிற பெண்கள் பேசினால் வெளியூர்க்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

யாராவது கணக்கெடுக்க வந்தால் நீங்கள் சொல்ல வேண்டும், ஆயா. களாக்காய், சுள்ளி, செல்லம்மா அத்தையின் துடைப்ப ஓலை, அவர் ஆடுகள், எல்லாம். ஊர் ஜனங்களுக்கு அந்த இடம் வேண்டும் என்பது ஊர்க்காரர் வாயிலிருந்து வந்தால்தான் எடுபடும். உங்கள் பேச்சை யாரும் தட்ட மாட்டார்கள்.

அண்ணன், அண்ணி, குட்டிக்கு என் அன்பு.

கார்முகில்

---

முருகன் துணை

29-6-2023

அன்புப் பேரனுக்கு ஆயா எழுதுவது. உன் பதில் இன்னும் வந்து சேரவில்லை. சேதியை ஆறப்போட மனமில்லாமல் எழுதுகிறேன்.

நேற்று நம் வீட்டுக்கு ஆபீசர்கள் வந்தார்கள். ஈச்சங்காட்டைப் பற்றி அறிக்கை எழுதுகிற கம்பெனியாம். ஊரில் இத்தனை வீடு இருக்க, மூத்தவர் யார் என்று விசாரித்து நேராக இங்கே வந்தார்கள். வருவார்கள் என்று ரகு முதல் நாளே சொல்லியிருந்ததால் வீட்டைக் கழுவிவிட்டு, புது நாற்காலிகளை எடுத்துப் போட்டு, கேசரி கிளறி வைத்திருந்தேன். சுவரில் வெறும் ஆணி இருக்கக்கூடாது என்று உன் பழைய படத்தையே ஒரு மாதிரி சரிபண்ணிக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டேன். இப்போது பார்க்க லட்சணமாக இருக்கிறது.

ஒரு பெண் எழுத, ஒரு பையன் கேட்டான். ஊர் ஜனங்கள் யாராவது விறகுக்கோ மேய்ச்சலுக்கோ அந்தப் புதருக்குள் போகிறார்களா என்று. எனக்குச் சுருக்கென்றது. நம்மை என்னவென்று நினைத்துக் கேட்கிறான்? "இன்னா சார் அப்டி கேட்டுட்டீங்க. எங்க ஊர்ல எல்லார் வூட்லயும் கேஸ் கீது. பசங்க எல்லாம் கம்பெனி. காட்டுக்குப் போற நெலமையில இங்க யாரும் இல்ல" என்றேன். சுவரைக் காட்டி ஒவ்வொருவரையும் சொன்னேன். உன் படத்தைக் காட்டி, "இவன் ரேஞ்சரு. அது காடா இருந்தா என் பேரன் வுட்டுட்டுப் போவானா?" என்றேன். சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள்.

பேச்சு நடக்கும்போது பார்த்து செல்லம்மாள் ஓலைக் கட்டோடு வாசல் வழியாகப் போனாள். அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. நல்லவேளை, சமாளித்துவிட்டேன்.

போகும்போது என்னைச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். எனக்கும் ஒரு காப்பி கேட்டிருக்கிறேன். உன் யூனிபார்ம் படம் வந்தால் பழையதை எடுத்துவிடலாம்.

மழையில் நனையாதே.

உன் ஆயா

---

20-7-2023
மலை முகாம்

ஆயாவுக்கு வணக்கம். நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நம் இரண்டு கடிதங்களும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையதை இதற்குள் படித்திருப்பீர்கள். என்ன நடந்திருக்கிறது என்று புரிந்திருக்கும்.

வருத்தத்தோடு எழுதவில்லை. இப்போதும் சரிசெய்யலாம். பஞ்சாயத்து ஆபீசில் ஒரு கடுதாசி கொடுங்கள். "நான் அன்று சொன்னது சரியில்லை, நானே தினமும் போகிறேன்" என்று இரண்டு வரி. ஜாஸ்மினைக் கூப்பிட்டால் கூட வருவாள்.

செல்லம்மா அத்தையைப் பார்த்தபோது சமாளித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?

என் உத்தியோகத்தைப் பற்றி இனி யாரிடமும் பேச வேண்டாம். காரணத்தை நேரில் சொல்கிறேன்.

கார்முகில்

---

முருகன் துணை

14-8-2023

அன்புப் பேரனுக்கு ஆயா எழுதுவது. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. ஈரக் காற்றில் முழங்கால் பிடித்துக்கொண்டது, அதனால்தான் தாமதம். குட்டிக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. ஐஸ்வர்யா எனக்கு ஒரு கைப்பை அனுப்பியிருக்கிறாள். அதில் வைக்கத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ கேட்ட விஷயம். போகவேண்டும் என்றுதான் நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ரகு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்கே என்று கேட்டான், சொன்னேன். துணியை உதறி வண்டி மேல் போட்டுவிட்டு மெதுவாகத்தான் பேசினான். அந்த இடத்தில் வரப்போவது அவர்கள் கம்பெனியின் புது யூனிட்டாம். அவனை அதற்கு இன்சார்ஜ் ஆக்குவதாகப் பேச்சாம். "நீ ஒண்ணும் பொய் சொல்லலியே ஆயா. எல்லார் வூட்லயும் கேஸ் கீது தான? இப்ப போய் மாத்திச் சொன்னா உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. என்னத் தான் கேப்பாங்க" என்றான்.

உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டேன்.

இரண்டு பேரும் என் பேரன்கள்தான். ஒருவன் வாசலில் நிற்கிறான், ஒருவன் காகிதத்தில் இருக்கிறான். நான் என்ன செய்ய, சொல்.

அடுத்த மாதம் ஒரகடம் பக்கம் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். செல்லம்மாள் நன்றாக இருக்கிறாள். அவள் ஆடு இரட்டைக் குட்டி போட்டது.

உன் யூனிபார்ம் படம் வரவில்லை.

உன் ஆயா

---

1-9-2023
மலை முகாம்

ஆயாவுக்கு, காகிதத்தில் இருக்கிற பேரன் வணக்கத்துடன் எழுதுவது.

கூட்டத்துக்கு நான் வர முடியாது. விலங்குக் கணக்கெடுப்பு நடுவில் மலையிறங்கினால் என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

கூட்டத்தில் ஊர்க்காரர் எழுந்து பேசினால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும், அதுதான் விதி. நீங்கள் அண்ணனைக் குறை சொல்ல வேண்டாம், கம்பெனியைக் குறை சொல்ல வேண்டாம். "நாங்க அங்க போறோம், எங்களுக்கு அது வேணும்" என்று எழுந்து நின்று சொன்னால் போதும். ஏற்கெனவே ஒரு முறை உங்கள் பேச்சை எழுதிக்கொண்டார்கள் அல்லவா, இதையும் எழுதிக்கொள்வார்கள்.

செல்லம்மா அத்தையைப் பற்றி நான் கேட்டதற்கு, ஆடு குட்டி போட்டதாகப் பதில் வந்திருக்கிறது.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்முகில்

---

முருகன் துணை

24-9-2023

அன்புப் பேரனுக்கு ஆயா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே மழை குறைந்ததா?

கூட்டம் நல்லபடியாக முடிந்தது. மண்டபம் முழுக்கப் பந்தல் துணி, பெரிய மின்விசிறிகள். ரகு என்னை வண்டியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தான். வருகிறவர்கள் எல்லோரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் போனார்கள். மைக்கில் இரைச்சல் அதிகம், யார் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. ஜாஸ்மின் பேசினாள். செல்லம்மாளும் வந்திருந்தாள். எனக்கு முழங்கால் வலி, எழுந்து நிற்க முடியவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். குட்டிக்கு என்று கொண்டுவந்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. சுவரில் இருக்கிற உன் படம் பழையதாகிவிட்டது. புதிதாக ஒன்று அனுப்பு.

உன் ஆயா

---

15-10-2023
மலை முகாம்

ஆயாவுக்கு வணக்கம்.

கூட்டத்தைப் பற்றி ஜாஸ்மின் எழுதிவிட்டாள். மைக் இரைச்சலில் உங்களுக்குக் காதில் விழாததை நான் சொல்கிறேன்.

திரையில் முதலில் வந்தது உங்கள் படம். நம் கூடத்துச் சுவருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஊரில் எவரும் இந்த நிலத்தை நம்பி இல்லை என்று வனத்துறை ரேஞ்சரின் பாட்டியே சொல்லியிருப்பதாக ஒருவர் வாசித்தார். ஓலை எடுக்க வருகிறவர்கள் வெளியூர் ஆட்கள் என்பதும் நீங்கள் சொன்னதுதானாம். அன்று வாசலில் போனவரைப் பற்றி அப்படிச் சொல்லித்தான் சமாளித்திருக்கிறீர்கள்.

செல்லம்மா அத்தை எழுந்தார். "நான் வெளியூரா? எங்க மாமனாரு காலத்துலேர்ந்து அங்க ஓல அறுக்குறோம்" என்றார். மேடையில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டாராம், உங்களை இந்த ஊர் என்று சொல்ல இங்கே யாராவது இருக்கிறார்களா என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லார் வீட்டிலும் கம்பெனி வேலைக்கு மனுப் போட்ட பையன் ஒருவன் இருக்கிறான். அத்தை உங்களைக் கை காட்டினார். "தோ குந்தினு கீறாங்களே, எங்க பெரியம்மா. அவங்களக் கேளுங்க சார்" என்றார். மண்டபமே திரும்பி உங்களைப் பார்த்ததாம். நீங்கள் மடியில் இருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்களாம்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். நான் ரேஞ்சர் இல்லை. வனத்துறையில் எந்த வேலையிலும் இல்லை. ஒரு ஆராய்ச்சிக் குழுவில் தினக்கூலி. விலங்குகளின் எச்சத்தைப் பொறுக்கி உறையில் போட்டுப் பெயர் ஒட்டுகிறேன். என்னிடம் யூனிபார்ம் கிடையாது, எப்போதும் வரப்போவதும் இல்லை. நீங்கள் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படும்போது மறுக்க மனம் வராமல் விட்டேன். அந்த ரேஞ்சரைச் சாட்சிக்கு நிறுத்தித்தான் அது காடு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

இனி என்னிடம் படம் கேட்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்முகில்

---

முருகன் துணை

28-1-2024

அன்புப் பேரனுக்கு ஆயா எழுதுவது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எழுதினேன், பதில் இல்லை. மலையில் தபால் தாமதம் என்று உன் அண்ணியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பொங்கல் கழிந்ததும் மெஷின்களைக் கொண்டுவந்தார்கள். மற்றதெல்லாம் சடசடவென்று போனது. ஈச்சம் தூர் மட்டும் லேசில் வரவில்லை. அந்த இரும்புக் கையே நின்று நின்று மூச்சு வாங்கியது. கௌதாரிகள் தெருவுக்குள் ஓடி வந்தன. பிள்ளைகள் துரத்தின, மிச்சத்தை நாய்கள் பார்த்துக்கொண்டன. வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கிற மாட்டுக் கொட்டகையில் ஒரு முயல் வந்து ஒண்டியிருந்தது. காலையில் பார்த்தபோது இல்லை.

ஜாஸ்மின் லைன் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து ஏரிக்கரையில் துணி பேனர் பிடித்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை நடந்த அதே வழியில் கடைசியாக ஒரு முறை நடந்துவிட்டுப் போகிறோம் என்று கேட்டார்கள். செக்யூரிட்டி விடவில்லை. அடுத்த வாரமே அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இப்போது வல்லம் வடகாலில் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

நீ எழுதினது எல்லாம் சரிதான். ஒன்றை மட்டும் ஜாஸ்மின் பார்த்திருக்க முடியாது. அன்றைக்கு உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கால் மேல் கையை வைத்திருந்தான். அழுத்தவில்லை. வைத்திருந்தான், அவ்வளவுதான். தட்டிவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. செல்லம்மாள் என்னைக் கை காட்டியபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் அந்த அழுக்குப் புடவையோடு என்னைப் பெரியம்மா என்கிறாளே என்று. இதை நான் யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

வெந்நீர் இப்போது கேஸில்தான்.

நீ ரேஞ்சர் இல்லை என்பதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

உன் ஆயா

---

முருகன் துணை

19-5-2024

அன்புப் பேரன் கார்முகிலுக்கு ஆயா எழுதுவது. நீ சுகமாக இருப்பதாக ஜாஸ்மினின் அக்கா மூலம் தெரிந்துகொண்டேன். ஜாஸ்மினுக்காவது எழுதுகிறாயே, அது போதும்.

வழக்கம் போல நல்ல சேதிகள். ரகு புது யூனிட்டுக்கு இன்சார்ஜ் ஆகிவிட்டான். ஐஸ்வர்யா கம்பெனியில் அவளை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். குட்டி இன்னொரு கப் வாங்கினாள். செல்லம்மாளுக்கும் வேலை கிடைத்திருக்கிறது.

ஈச்சங்காடு இருந்த இடத்தில் ஒரு ஓரத்தை விட்டு, புல் வளர்த்து, கல் பதித்து, "இயற்கை நடைபாதை" என்று பலகை வைத்திருக்கிறார்கள். கம்பெனி அட்டை இருந்தால் நடக்கலாம். அதைத் திறந்து வைக்கிற அன்று ஊரின் மூத்தவள் கையால் மரக்கன்று நட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ரகு புடவையை இஸ்திரி போட்டுக்கூட வைத்துவிட்டான். முழங்கால் வலி என்று படுத்துக்கொண்டேன். அன்றைக்கு வலி இல்லை.

அந்தப் பாதையைப் பெருக்குகிற வேலைதான் செல்லம்மாளுக்கு. ஆடுகளை விற்றுவிட்டாள், மேய்க்க இடம் எங்கே? பச்சைப் புடவை, பச்சைச் சட்டை, மார்பில் பெயர் அட்டை. நான் யூனிபார்ம் யூனிபார்ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, நம் ஏரிக்கரைப் பக்கம் முதலில் யூனிபார்ம் போட்டது அவள்தான். கையில் பிளாஸ்டிக் துடைப்பம்.

கூட்டத்துக்குப் பிறகு என்னோடு அவள் பேசியதில்லை. போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அந்தப் பச்சைப் புடவையோடே வந்து வாசலில் நின்றாள். "பெரியம்மா, தம்பி என்ன வச்சி ஒரு போட்டோ எடுத்துச்சி. காட்ல, ஆடு கூட. உங்க வூட்ல மாட்டிக்கினு கீறதா ஜாஸ்மின் பொண்ணு சொல்லிச்சி. இப்ப காடும் இல்ல, ஆடும் இல்ல. ஒரு வாட்டி பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே வந்தாள். நம் கூடத்துக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய் உன் படத்தின் முன்னால் நின்றாள்.

உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆபீசர்கள் வருவதற்கு முன் சரிபண்ணி மாட்டினேன் என்று எழுதினேன் அல்லவா, கத்தரிக்கோலால் அவளை வெட்டி எடுத்துவிட்டுத்தான் மாட்டினேன். ஓலைக் கட்டு, ஆடு, எல்லாம் சேர்த்து. உன் தோளில் அவள் போட்டிருந்த கையை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் உன் தோளும் போகும். அந்த அளவில் விட்டுவிட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அவள் கண்ணாடி மேல் விரலை வைத்தாள். "இது என் கை தான பெரியம்மா? வளையலு தெரியுது" என்றாள்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆடு இன்னா பண்ணிச்சி?" என்று மட்டும் கேட்டாள். போய்விட்டாள். நாற்காலியை எடுத்துப் போட்டேன், அதில் உட்காரவில்லை.

அந்தத் துண்டை வெட்டின அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன், ஈச்சங்காட்டுச் சுள்ளியோடு சுள்ளியாக. இப்போது எங்கே தேடியும் அந்தக் காடு ஒரு படத்திலும் இல்லை. எங்கள் எல்லோர் வீட்டிலும் பிள்ளைகளின் தொப்பியும் அங்கியும்தான் இருக்கிறது.

படம் கேட்க வேண்டாம் என்று எழுதினாய். இது உன் படம் இல்லை. அந்தப் படம் உன் போனிலோ கேமராவிலோ இருக்கும். பொள்ளாச்சிக்கு இறங்கும்போது புதிதாக ஒன்று போட்டு அனுப்பு. பெரிதாகப் போடு. ஓலைக் கட்டு, ஆடு, பின்னால் இருக்கிற ஈச்சம் புதர், ஒன்றும் விடாமல் இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுத மனமில்லை என்றால் எழுதாதே. படத்தை மட்டும் உறையில் வைத்து அனுப்பு, என் பெயருக்கு வேண்டாம். அவள் பெயரைப் போடு. செல்லம்மாள், ஏரிக்கரைத் தெரு. அதற்குக் கீழே நம் ஊர்ப் பெயரைத் தெளிவாக எழுது.

உன் ஆயா
சுந்தராம்பாள்